ரப்பர் பாலில் ஒட்டிய மீசை

முடிவெட்டும் தொழிலுக்கு வரும் இளவட்டங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் புது ஸ்டைல், புது மெஷின் பற்றித்தான். ஜப்பான்காரன் காலத்தில் நான் ஒருவனுக்கு மீசை எடுத்து, அதனாலேயே அவன் உயிர் போகப் பார்த்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் எழுதி வைக்கிறேன்.

1. ஆற்றோடு போன பாஸ்

அப்போது மலாயாவில், சுங்கைப் பட்டாணி டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முனியாண்டி என் பழைய வாடிக்கைக்காரன். அந்தத் தோட்டத்திலேயே பெரிய மீசை அவனுடையதுதான். தலையைவிட மீசைக்குத்தான் அதிக நேரம் உட்காருவான். "அண்ணே, பாத்து. ஒரு முடி கொறைஞ்சாலும் செல்லம்மா வீட்டுக்குள்ள விடமாட்டா" என்பான். செல்லம்மா அவன் பெண்டாட்டி.

அவன் அம்மா இறந்தபோது எனக்கு ஆள் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கொள்ளி வைக்கிற மகன் தலையும் மீசையும் எடுக்க வேண்டும் அல்லவா? ஆற்றங்கரையில் உட்காரவைத்து எடுத்தேன். பிறகு அவன் கட்டிய வேட்டியோடு ஆற்றில் முங்கினான். எழுந்து இடுப்பைத் தடவிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, பாஸக் காணோம்ணே!"

மடியில் செருகியிருந்த பாஸை ஆறு கொண்டுபோய்விட்டது. நாங்கள் எல்லாரும் இறங்கித் தேடினோம், கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஜப்பான்காரன் கொடுத்த, போட்டோ ஒட்டிய அந்த அடையாளப் பாஸ் இல்லாமல் தலைகாட்ட முடியாது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி வந்தால் பாஸ் இல்லாதவனைத்தான் முதலில் ஏற்றுவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முனியாண்டிக்கு மூன்று சின்னப் பிள்ளைகள்.

2. "இது வேற ஆளு"

தொலைந்த பாஸுக்கு வேறு பாஸ் வாங்க, டவுனில் தெரிந்த ஒருவர் சாட்சிக்கு வர வேண்டும். ஜப்பான் சிப்பாய்களுக்கு நான்தான் முடிவெட்டுவேன் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஜப்பான் ஆபீஸ் கவுண்டரில் இருந்த குமாஸ்தா ஒரு தமிழ்க் கிராணி. பைலில் இருந்த இன்னொரு போட்டோவை எடுத்தார். முறுக்கு மீசையும் தலைப்பாகையுமாக ஒருத்தன் முறைத்துக்கொண்டிருந்தான். எதிரே நின்றவனோ உரித்த கிழங்கு மாதிரி நின்றான்.

"என்னய்யா விளையாடுறியா? நானே நம்ப மாட்டேன், உள்ள இருக்கிற ஜப்பான்காரன் எப்படி நம்புவான்? இது வேற ஆளு, பாஸத் திருட வந்திருக்கான்னு உன்னைப் புடிச்சு உள்ள போட்டுருவான்."

"ஐயா, ஆத்தா செத்துப் போச்சு..."

கிராணியின் குரல் இறங்கியது. "புரியுதுப்பா. இப்ப புதுசா போட்டோ புடிக்க பிலிமும் இல்ல. இந்தப் பழைய படத்தைத்தான் ஒட்டணும். மீசைய வளத்துக்கிட்டு வா. அதுவரைக்கும் லாரிக்காரன் கண்ணுல படாம இருந்துக்க."

அந்த மீசை வளர எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குள் லாரி வந்துவிடும்.

3. செல்லம்மாவின் கூந்தல்

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பி, அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து என் யோசனையைச் சொன்னேன். ஒரு மீசை செய்து ஒட்டிவிடலாம். பசைக்கு எங்கே போவது? சுற்றிலும் ரப்பர் மரம்தானே!

முனியாண்டிக்கு வந்ததே கோபம். "என்னண்ணே பேசுறீங்க? ஆத்தாளுக்குன்னு எடுத்த மீசை. கருமாதிகூட ஆவல. அதுக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? அதுக்கு நான் சயாமுக்கே போறேன்!"

"போங்க, போய்ச் சாவுங்க!" என்று உள்ளேயிருந்து செல்லம்மா வெடித்தாள். "நீங்க அங்க போய்ச் செத்தா அத்தைக்கு வருசா வருசம் திதி குடுக்குறது யாரு? இந்தப் பொடிசுங்களா?"

சொன்ன கையோடு வெளியே வந்தாள். செல்லம்மா கொண்டையை அவிழ்த்து என் முன்னால் உட்கார்ந்தாள். "வெட்டுங்கண்ணே. கண்டவன் முடி எதுக்கு? என் முடியிலயே செய்யுங்க."

கிராமப்போன் கடைக்காரர் முதல் மிலிட்டரி ஆபீசர் வரை எத்தனையோ பேருக்குக் கத்தரி பிடித்தவன் நான். ஒரு பெண்பிள்ளையின் கூந்தலை அப்படி வெட்டியது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்த புதுப்பாலை மேலுதட்டில் தடவி, பாதி காயும்வரை காத்திருந்தேன். பிறகு முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓரத்திலிருந்து மூக்கை நோக்கி, வரிசையாக ஒட்டினேன். முதலில் செய்தது கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது. பிய்த்து எறிந்தேன். அடுத்த நாள் செய்தது தேறியது. கத்தரித்து, தேங்காயெண்ணெய் தொட்டு முறுக்கிவிட்டேன். மொட்டையை மறைக்கப் படத்தில் இருந்தது போலத் தலைப்பாகை கட்டிக்கொண்டான்.

அதோடு, குனிந்து வணங்கவும் பழக்கினேன். இடுப்பு சரியாக மடியாவிட்டால் ஜப்பான்காரன் அறைவான். அறைந்தால் மீசை பறந்துவிடுமே!

4. தலைப்பாகையைக் கழற்று

எங்களைக் கண்டதும் கிராணிக்கு விழி பிதுங்கியது. "நாலு நாள்லயா?" என்று மெல்லக் கேட்டார்.

"தோட்டத்து எரு நல்ல எருங்க ஐயா" என்றேன்.

மனுஷர் நல்லவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை உள்ளே அழைத்துப் போனார். ஆபீசர் போட்டோவைப் பார்த்தான், முனியாண்டியைப் பார்த்தான். கிட்டே வரச் சொல்லி முகர்ந்தான். புளித்த ரப்பர் பால் வாடைதான். தோட்டத்துக்காரன் எவன் மேல்தான் அந்த வாடை இல்லை? பிறகு தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினான்.

செத்தோம் என்று நினைத்தேன். முனியாண்டி கழற்றினான். மொட்டைத் தலையும் முறுக்கு மீசையுமாக நின்றான். வியர்வையில் ஒரு பக்க ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

ஆபீசர் தன் தொப்பியைக் கழற்றினான். அவனும் மொட்டை. தன் தலையையும் முனியாண்டி தலையையும் தட்டி, "சாமா! சாமா!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். ஒன்றேதானாம். சீல் விழுந்தது.

வெளியே வந்து நானும் கிராணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். முனியாண்டி சிரிக்கவில்லை.

5. கருமாதி

படத்தில் மீசை இருக்கிறதே, அவன் முகத்திலும் இருந்தாக வேண்டும். சொந்த மீசை வளரும்வரை நான் சைக்கிளில் போய்ப் போய் ஒட்டிவிட்டு வந்தேன்.

கருமாதிக்கு மட்டும் வெறும் முகத்தோடு உட்கார வேண்டும் என்று அவன் கெஞ்சிக் கேட்டிருந்தான். சரியென்று நானும் சொல்லியிருந்தேன். அன்று காலை மீசையைப் பிய்க்குமுன் லாரி வந்துவிட்டது. ஆண்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் பாஸைப் பார்த்தார்கள். முனியாண்டியைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், போ என்று தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனை ஏற்றிக்கொண்டார்கள். அவன் பெண்டாட்டி கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது.

சிப்பாய்கள் அந்தியாகும்வரை லயத்தைவிட்டுப் போகவில்லை. அவர்கள் கண்ணெதிரே, ஒட்டிய மீசையோடு முனியாண்டி தன் அம்மாவுக்குப் பிண்டம் வைத்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

பிறகு அவனுக்குச் சொந்த மீசை வளர்ந்தது. கடைக்கு வருவான், ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டு பேசாமல் போவான். பழைய கிண்டல் ஒன்றும் கிடையாது.

ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்ற சேதி வந்த மறுநாள். கடையில் ஒரே கும்மாளம். முனியாண்டி மெர்போக்கிலிருந்து நடந்தே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இப்ப எடுங்கண்ணே. தலையையும் எடுத்துருங்க. ஆத்தாளுக்குக் குடுக்கவேண்டியது பாக்கி நிக்குது."

தலையை நனைத்து, கத்தியைத் தீட்டினேன். மீசை மடியில் விழ விழ, அம்மா அப்போதுதான் இறந்த மாதிரி அவன் வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன்.

தொழிலுக்கு வரும் இளவட்டங்களே, துக்க வீட்டில் கத்தி பிடிக்கும்போது வெறும் முடிதானே என்று அவசரப்படாதீர்கள். அந்த முடியை ஆத்தாளுக்காக மழித்துக்கொள்ள ஒருத்தன் சண்டை முடியும்வரை காத்திருந்தான்.