கேஸ் வாயைத் திறக்கக்கூடாது

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பேக்டரி கேண்டீனில் மங்கு, தட்டு கழுவினவள். ஆனாலும் என் நெஞ்சுக்குள் நடப்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

சின்ன வயசில் ஒரு காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாக வீங்கியது. அது போகும்போது இருதயத்தில் ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போனது. அதனால் ஜார்ஜ் டவுனில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் பரீட்சைக்கு, அவர்கள் சோதித்துப் பார்க்க, வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவார்கள். அங்கே எங்களுக்குக் ‘கேஸ்’ என்று பெயர். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் என் கட்டிலைச் சுற்றி நின்று, படித்ததைப் பேசிச் சரிபார்ப்பார்கள். இருதயத்துக்கு நாலு அறை. இடது பக்கத்து அறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கதவு சரியாகத் திறக்காவிட்டால் ரத்தம் பின்னால் தேங்கும். முதலில் நுரையீரல், போகப் போக கால். பினாங்குப் பாலத்தில் ஒரு லேனை அடைத்தால் பட்டர்வொர்த் வரைக்கும் காடி நிற்குமே, அப்படி. அவர்கள் இங்கிலீஷில் சொன்னதை நான் இப்படித்தான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஒரு சட்டம் உண்டு. என்ன சீக்கு என்று பிள்ளைகள் கேட்டாலும் கேஸ் சொல்லக்கூடாது. அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெண் கண்ணில் தண்ணீரோடு கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

போன வருஷம் மகள் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்குக் கால் வீங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். மகள் காடி நிறுத்த இடம் தேடப் போய்விட்டாள். உள்ளே சின்ன வயசு டாக்டரம்மா, நம்ம தமிழ்ப் பிள்ளைதான்.

“பாட்டி, முன்னாடி ஏதாவது சீக்கு இருக்கா?”

பதினைந்து வருஷம் பழகிய வாய். “நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்றேன்.

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துவிட்டுக் காதுக் குழாயைச் சட்டைக்கு மேலேயே இரண்டு இடத்தில் வைத்து எடுத்தாள். மகள் வந்ததும் என் தலைக்கு மேலே அவளோடு பேச்சு.

“வயசாச்சு லா அக்கா. கால் வீங்கத்தான் செய்யும். உட்காரும்போது காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க.”

மகள் என் சீக்கைச் சொல்ல வாயெடுத்தாள். “நீ சும்மா இரு” என்றேன்.

முதல் தப்பு என்னுடையதுதான், கேட்டபோதே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அங்கேயே உட்கார்ந்திருக்க, என்னைப் பற்றி டாக்டரம்மா என் மகளிடம் சொல்வதா?

“அடுத்த ஆள் வெயிட் பண்றாங்க பாட்டி.”

“பண்ணட்டும். நான் எந்திரிக்க மாட்டேன். என் முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல விரலை வச்சு அமுக்குங்க. எடுக்காதீங்க, இன்னும் கொஞ்சம். இப்ப எடுங்க.”

விரல் இருந்த இடம் பள்ளமாகவே நின்றது. அந்தப் பெண் பள்ளத்தைப் பார்த்தாள்.

நான் அங்கிருந்த கட்டிலில் ஏறி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். சட்டையை நானே விலக்கினேன். “குழாயில சின்னப் பக்கத்தை வைங்க. இங்க. லேசா.”

“அம்மா, மானத்தை வாங்காதீங்க” என்றாள் மகள்.

டாக்டரம்மா கையை உயர்த்தி அவளை அடக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். என் கதவு முனகுவதை எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் அவர்கள் முகம் மாறுவது எனக்குத் தெரியும். இவள் முகமும் மாறியது.

குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டாள். நாற்காலியை இழுத்து, மகளுக்கு முதுகைக் காட்டி, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா, எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க?”

“மூணு. குறைஞ்சா மூச்சு முட்டும்” என்றேன். “இதை முதல்லயே கேட்டிருக்கணும்.”

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள்.