உல்கான் வீட்டு இரட்டைத் தலை ஆடு

ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடைப்பட்ட நாரின் மலையில் உல்கானுக்குச் சொத்தென்று இருந்தவை ஒரு மந்தையும் ஒரு வாயும்தான். கோடை மேய்ச்சலுக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். போன வசந்தத்தில் பனி உருகி வந்த வெள்ளம் குட்டிகளில் பாதியை வாரிக்கொண்டு போயிற்று. இன்னொரு முறை அப்படி வந்தால் வாய் மட்டும்தான் மிஞ்சும். பாலம் வேண்டும்.

தலைநகரத்தில் கேட்டதற்கு, "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். அதாவது, இல்லை. ஆனால் அந்த மலைக்குக் கடல்தான் கிடையாதே தவிர, அக்கறையுள்ள அண்டை நாட்டாருக்குப் பஞ்சமே இல்லை. ஊர்த்தலைவர் பெக்துர் ரஷ்யப் பொறியாளரையும் அழைத்தார், சீனப் பொறியாளரையும் அழைத்தார். இருவரும் ஒரே நாளில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"வர்ற விருந்தாளிய வேணாம்னு எப்படிக்கா சொல்றது?" என்று உல்கானிடம் வந்து நின்றார்.

"சொல்லாத. ஆட்டுத்தலைய மட்டும் யாருக்கு வைக்கிறதுன்னு சொல்லு."

அந்த ஊர் விருந்தில் வெந்த தலை பெரிய விருந்தாளிக்குத்தான். மற்றவர் தொடையைக் கடித்துக்கொண்டே, தன் நாட்டுக்கு இரண்டாம் இடம் கொடுத்துவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு எழுதுவார். பாலம் போச்சு.

"ரெண்டு ஆடு, ரெண்டு கூடாரம். போய் வெறகு வெட்டுப்பா" என்றாள் உல்கான்.

நன்றாகத்தான் நடந்தது. "இந்த மரியாதை உங்க ஒருத்தருக்குத்தான்" என்று இந்தக் கூடாரத்திலும் சொன்னாள், அந்தக் கூடாரத்திலும் சொன்னாள். புளித்த குதிரைப்பாலான குமிஸ் குடித்து இருவரும் உருகினார்கள். ஆனால் விருந்தில் மிஞ்சியதைக் கட்டிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கமாயிற்றே! பெக்துர் அதையும் பக்தியோடு செய்துவிட்டார். ஜீப்புகளுக்கு நடுவில் ஆளுக்கொரு ஆட்டுத்தலையோடு இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"ஒருத்தருக்குத்தான்னு சொன்னீங்களேம்மா?" என்றார் ரஷ்யர். சீனர் தம் மூட்டையைத் தூக்கிக் காட்டினார்.

பெக்துர் ஒரு ஜீப்புக்குப் பின்னால் நழுவினார். உல்கான் நழுவுவாளா?

"ஒரே ஆடுதாங்கய்யா. எங்க ஊரு ஆடு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே மேயணும். அதான் ரெண்டு தலை."

யாரும் சிரிக்கவில்லை. மற்றவர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் இருவரும் அங்கேயே வாக்குக் கொடுத்தார்கள். இந்தக் கரையிலிருந்து ரஷ்யர் கட்டினார், அந்தக் கரையிலிருந்து சீனர் கட்டினார். ஒருவரிடம் ஒருவர் அளவு கேட்பது கௌரவக் குறைச்சல் அல்லவா? நடுவில் ஒரு பாதி மற்றதைவிட முழ உயரம் ஏறி நின்றது.

திறப்புவிழா இரண்டு முறை நடந்தது. எல்லாரும் போன பிறகு உல்கான் தன் தொழுவத்துக் கதவைக் கழற்றி நடுவில் சாய்த்துப் போட்டாள். அடுத்த வசந்தத்தில் ஒரு குட்டியும் ஆற்றோடு போகவில்லை.

பாலத்தின் படம் இரண்டு நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. அவரவர் பாதி மட்டும். கதவு எதிலும் இல்லை.