முதல் பக்கத்துப் பென்சில்

எண்பதுகளில் எங்கள் ஆரணி லெண்டிங் லைப்ரரியில் யாரோ ஒரு பாவி. நெய்துகொண்டிருந்த தறியிலிருந்து நான் எழுந்து ஓடி, ஆசையாகத் துப்பறியும் நாவல் எடுத்து வந்தால், முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பேரைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பான்.

பிரபலங்களின் நாவல்களில்தான் இந்த வேலை. அவனுக்குப் பயந்தே பேர் தெரியாத எழுத்தாளர்கள் பக்கம் போனேன். பேய்க்கதை, விண்வெளிக்கதை, குடும்பக்கதை. எத்தனை நல்ல கதைகள்!

இன்று பழைய புத்தகக் கடையில் அந்த லைப்ரரி முத்திரையோடு ஒரு துப்பறியும் நாவல். எழுதியவர் பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பிரித்தேன். அதே சாய்ந்த கையெழுத்து.

"இதுல மட்டும் சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க."

"இன்னா சார், தனியா சிரிச்சிகினு நிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

பேர் தெரியாதவர்கள் பக்கம் என்னைத் துரத்திவிட்ட, நாற்பது வருஷமாக நான் திட்டிய ஆளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆரணிக்காரர்களே, யாரய்யா அது? இதை மட்டும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.