பஸ் குரூப்பில் விழுந்த கடைசி அத்தியாயம்

வெந்த ரப்பரின் வாசனை எங்கே அடித்தாலும் ஒரு நொடி நின்றுவிடுவேன். பஞ்சர் கடை வாசலாக இருக்கலாம், வெயிலில் கிடக்கும் பழைய ட்யூபாக இருக்கலாம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்வார்கள். எனக்கு அந்த மழைக்காலம் முழுசாக வந்து முன்னால் நிற்கும். அதன் ஈரம், அதன் அவமானம், அதன் ஆனந்தம் எல்லாம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ஆயில் சீல் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேஜை. ப்ரஸ்ஸிலிருந்து சூடு ஆறாமல் வரும் கறுப்பு ரப்பர் வளையங்களை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பிசிறு இருந்தால் சிவப்புத் தட்டு, இல்லையென்றால் பச்சைத் தட்டு. கண்ணும் கையும் கம்பெனிக்கு, தலை எனக்கு. அந்தத் தலைக்குள்ளேதான் ஆறு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் நான் எழுதியதெல்லாம் அரைப் பக்கம், முக்கால் பக்கம். கவிதை என்று சொன்னால் கவிஞர்கள் முறைப்பார்கள், கதை என்று சொன்னால் கதைக்காரர்கள் சிரிப்பார்கள். சிறுபத்திரிகைகளில் ஓரமாக வந்திருக்கின்றன. அரைப் பக்கத்திலேயே மூச்சு வாங்குகிறவள் நாற்பத்தைந்து வயதில் நாவலுக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும்? எல்லா அத்தியாயமும் அரைப் பக்கத்தில் மூச்சு வாங்கும். வாங்கி வாங்கித்தான் ஏறினேன். பதினான்கு வருடம் கான்ட்ராக்டில் உழைத்த ஒருத்தியின் கதை. அவளோடு வேலை பார்த்த ஒருத்தியே அவளைப் பற்றி மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிட, கடைசியில் வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள்.

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் படித்தது. பதிப்பாசிரியை போனில் பேசினார். எழுத்து பிடித்திருக்கிறது என்றார், பாத்திரங்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றார். நான் அடுப்பை அணைக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன். பிறகு சொன்னார்: "கடைசி அத்தியாயத்த மட்டும் நம்ப முடியலங்க. வேலை போனதும் நேரா பழவேற்காட்டுக் கடலுக்குப் போய் நிக்கிறா. அழகாத்தான் இருக்கு. ஆனா அவ அங்க போயிருப்பாளா?" மாதக் கடைசிக்குள் வேறு முடிவு வந்தால் இந்த வருடப் பட்டியலில் சேர்ப்பார்கள். வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

மூன்று வாரம் இருந்தது. நானும் மாற்றி மாற்றி எழுதினேன். எதை மாற்றினேன் என்கிறீர்கள்? கடலைத்தான். ஒரு நாள் அமைதியான கடல், மறுநாள் கொந்தளிக்கும் கடல், அதற்கடுத்த நாள் மழையில் கரைந்து கோடே தெரியாத கடல். கடலை விட்டு என்னால் கரையேற முடியவில்லை.

நான் எழுதுகிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மணி நேரம் விளக்கின் கீழ் வளையம் பார்த்த கண்ணுக்கு, வீட்டுக்கு வந்தால் எழுத்துகள் ஈயாகப் பறக்கும். அதனால் எழுதுவதில்லை, பேசுவேன். காலையில் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குக் கால் மணி நேர நடை. நடந்துகொண்டே போனில் சொல்லிப் பதிவு செய்து, நான் மட்டும் இருக்கிற ஒரு வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பிக்கொள்வேன். தொடங்கும்போது அதில் என் வீட்டுக்காரரும் இருந்தார். இன்னொரு ஆளைச் சேர்க்காமல் குரூப் தொடங்க முடியவில்லை. சேர்த்த மறு நிமிடமே நீக்கிவிட்டேன். ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதர், சவாரிக்கு நடுவிலே கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னாத்துக்கு என்னத் தூக்கின? நான் இன்னா பண்ணேன்?"

அந்தக் குரூப்புக்குப் பக்கத்திலேயே கம்பெனி பஸ் குரூப். காலை ஆறரைக்கு அதுதான் போனில் முதலில் நிற்கும். 'வண்டி தாண்டிடுச்சா', 'ரெண்டு நிமிசம் நிறுத்தச் சொல்லு', 'எனக்கு ஜொரம், வரல'. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், தோளில் சாப்பாட்டுப் பை. புத்தம் புதிய கடல் ஒன்றை ஒன்பது நிமிடத்துக்குச் சொல்லி முடித்து, ஈர விரலால் தட்டி அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது பின் ஸீட்டிலிருந்து என் குரல் வந்தது.

"கடல் அவளிடம் எதையும் கேட்கவில்லை..."

என் குரலேதான், மூச்சிரைத்துக்கொண்டு. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு நடு ஸீட்டிலிருந்து இன்னொரு போன், அதே குரல், அரை வாக்கியம் பின்தங்கி. அதற்கப்புறம் மூன்றாவது. பஸ் முழுக்க நான்கைந்து நானாகப் பேசினேன். இனி அழித்துத்தான் என்ன, எல்லோரும் கேட்க ஆரம்பித்தாகிவிட்டது. டிரைவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

கடலின் உச்சக்கட்டத்தில், அலை அவள் செருப்பை இழுத்துப் போகும் இடத்தில், என் குரல் "ச்சீ, போ! சூ! போ அந்தாண்ட!" என்றது. தெரு நாய். சொல்லும்போது குறுக்கே வந்தது, பதிவாகியிருக்கிறது.

"யக்கா, கடல்ல நாய் எங்கருந்துக்கா வந்துச்சி?" என்றாள் ஒருத்தி. பஸ்ஸே குலுங்கியது.

"நீந்திகினு வந்திருக்கும்டி."

"எழுத்தாளரு ஊட்டு நாயி, அது நீந்தும்."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆறு வருடம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தது, ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்கு நாய்க் கதையாகிவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்கின பிறகு யாரும் போனை அணைக்கவில்லை. கடைசி வரிவரைக்கும் கேட்டார்கள்.

"நல்லாத்தான்கா கீது," என்றாள் பின்னாலிருந்தவள். "ஆனா வேல போன பொம்பள எதுக்குக்கா கடலுக்குப் போறா? பி.எஃப். பாரத்துல கையெழுத்து யாரு போடுவா?"

"லாக்கர் சாவிய குடுத்தாளா? குடுக்காம உடுவானா செக்யூரிட்டி?"

"பழவேற்காட்டுக்கு இவ எந்த பஸ்ல போனா? பொன்னேரில எறங்கி மாறணும். அதுக்குள்ள அழுக நின்னுடும்."

பதிப்பாசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டதற்கே ஒரு வாரமாகத் தூக்கமில்லை. இங்கே நாற்பது பதிப்பாசிரியைகள். டிரைவரும் சேர்ந்துகொண்டார்: "யம்மா, அந்தம்மாவ நான் எறக்கி உட மாட்டேன். கம்பெனி வண்டி ஊட்டாண்டதான் போவும்."

அப்போதுதான் என் பக்கத்து மேஜைக்காரி வாயைத் திறந்தாள். என்னைவிட நான்கு வயது சின்னவள், வாய் மட்டும் நாற்பது வயது பெரியது.

"அதெல்லாம் உடுங்க. ஸீட்டு யாருக்குக் குடுத்தா?"

முன் ஸீட்டுக்காரிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பஸ்ஸில் ஸீட்டுக்கு நம்பர் கிடையாது. ஆனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஸீட் உண்டு. ஜன்னல் ஸீட் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவள் கடைசி நாள் சாயங்காலம் ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தன் ஸீட்டில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேருவாள். யாரைக் கூப்பிடுவாள் என்று ஒரு மாதம் முன்னாலிருந்தே பேச்சு ஓடும். அதனால் பேசாமல் போனவர்கள் உண்டு, கட்டிப்பிடித்து அழுதவர்கள் உண்டு. பதினேழு வருடமாக இதைப் பார்க்கிறேன். நாவலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கையெட்டும் தூரத்தில் இருந்ததை விட்டுவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலைத் தேடிப் போயிருக்கிறேன்.

கம்பெனி கேட் வரைக்கும் சண்டை ஓய்வில்லை. சிநேகிதிக்குக் கொடுப்பாள் என்று ஒரு கட்சி. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொடுப்பாள் என்று ஒரு கட்சி. யாருக்கும் கொடுக்க மாட்டாள், காலியாகவே விட்டுவிட்டுப் போவாள் என்று ஒருத்தி. கேட்டில் போன்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். சண்டையைப் பூட்ட முடியவில்லை.

பத்தரை மணி டீக்குப் பிறகு, ப்ரஸ் சத்தத்தின் மறைவில், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்து மேஜைக்காரி சொன்னாள்: "போட்டுக் குடுத்தாளே ஒருத்தி, அவளுக்குத்தான்கா குடுப்பா."

"அவளுக்கு எதுக்கு?"

"எனக்கு அப்பிடித்தான்கா வந்துச்சி."

அவள் கை ஒரு வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. பச்சையா சிவப்பா என்று போடாமல். பல வருடம் முன்பு, மேஜையில் தூங்கிவிழுந்த ஒருத்தியைப் பற்றி சூப்பர்வைசரிடம் சொன்னது தான்தான் என்று சன்னமாகச் சொன்னாள். அந்தம்மாவின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. போகிற அன்றைக்கு அந்தம்மா இவளைக் கூப்பிட்டு, மூன்றாவது வரிசை ஜன்னலில் உட்காரவைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாலு மாசம்க்கா. அதுல குந்த முடில. பைய மட்டும் வெச்சிட்டு நின்னுகினே வந்தேன்."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்த அந்த நான்கு மாதம். இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டேன். ஏதோ தைலம் கூட வாங்கிக்கொடுத்தேன். மனிதர்களைப் பார்த்து எழுதுகிறவளாம் நான்! தைலம்.

"இத எழுதிக்கவா?" என்றேன். கேட்கவே பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கடலும் போய், இதுவும் போய், வெறுங்கையோடு நின்றிருப்பேன்.

வளையத்தைப் பச்சைத் தட்டில் போட்டாள். "எழுதிக்கோ. நானுன்னு தெரியக் கூடாது. அப்புறம், அவ நின்னுகினு போறா பாரு, அப்ப அழக் கூடாது. அந்தம்மா அழல."

ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், உட்கார இடமில்லை. வாசலில் நின்ற ஆட்டோவின் பின் ஸீட்டில் ஏறிக்கொண்டேன். மழைக்கு இரண்டு பக்கமும் ரெக்ஸின் திரை. அவர் வந்து திரையை விலக்கிப் பார்த்தார். "சந்த நாளு. சவாரி பத்து போயிருக்கும். வெய்ட்டிங் சார்ஜ் யாரு குடுப்பா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் டம்ளரில் டீ மட்டும் உள்ளே வந்தது.

இந்த முறை பேசவில்லை, எழுதினேன். கண்ணில் ஈ பறக்கவில்லை. வாக்கியங்கள் குட்டையாக, காய்ந்து, கால் ஊன்றி வந்தன. ஒருத்தி எழுந்திருக்கிறாள். ஒருத்தியைக் கூப்பிடுகிறாள். பஸ் திரும்புகிறது. கம்பியைப் பிடிக்கிறாள். நான் எழுதியதிலேயே அழகு குறைந்த பக்கங்கள் அவை. முடித்தபோது கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். சொந்தக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்த பத்து நாளை எழுத இன்னொரு நாவல் வேண்டும். தினமும் சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கேட்டில் பெட்டியைத் திறந்து போனை எடுப்பேன். ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் எல்லாக் கண்ணும் என்மேல். உதட்டைப் பிதுக்குவேன். "பேஜாரு புடிச்ச பொம்பளையா இருப்பாளோ அந்தப் பதிப்பாசிரியை?" என்பார்கள். மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் போனில் மூன்று வரி இருந்தது.

'படித்தேன். அவள் ஸீட் கொடுக்கிற இடத்தில் நானும் எழுந்து நின்றுவிட்டேன். அச்சுக்குப் போகிறது.'

பஸ்ஸில் ஏறி, நடுவில் நின்று, சத்தமாகப் படித்தேன். மூன்று வரியை மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். விசில் அடித்தார்கள். டிரைவர் தொழிற்பேட்டை ரோடு முடியும்வரை ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை, எதிரே வந்த லாரிக்காரன் பயந்து ஓரம் கட்டினான். வண்டி வழியில் நிற்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். "அஞ்சி நிமிசம்தான்" என்று டீக்கடையில் நிறுத்தினார். நாற்பது போண்டா தீர்ந்துபோனது. அரைப் பக்கத்தில் மூச்சு வாங்குகிறவள் என்று என்னை நானே சொல்லிக்கொண்ட காலம் அந்த டீக்கடையில் முடிந்தது. எண்ணெய்க் கையோடு, வாய் நிறைய போண்டாவோடு, நான் ஒரு நாவலாசிரியை.

பக்கத்து மேஜைக்காரி அன்றைக்குத் தன் ஜன்னல் ஸீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தாள். அவள் இறங்கும் இடம் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"புக்கு வந்ததும் எனக்குக் காட்டு. கடைசிப் பக்கத்த மட்டும் நான் படிச்சிக்கிறேன், மீதிய நீயே வெச்சிக்கோ. வர்றேன்க்கா."