ரோஸ்மில்க் நிறத்தில் கியர் ஆயில்

ஸ்ரீலக்ஷ்மியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய காரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காலிலிருந்து ஆரம்பித்தால் அவளுக்குக் கோபம் வரும். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு நடப்பாள். காலைப் பற்றி இவ்வளவு போதும்.

அடையாறு சாஸ்திரி நகரில் கீழ்வீட்டில் அவளும் அண்ணன் குருபிரசாத் குடும்பமும் இருந்தார்கள், மாடியில் நாங்கள். எனக்கும் அவளுக்கும் தி. நகரில் ஒரே வங்கிக் கிளையில் வேலை. பஸ்ஸில் போன காலத்தில் கண்டக்டர் இரக்கப்பட்டுக் கை நீட்டுவார். அந்தக் கை அவளுக்கு எட்டிக்காய். யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். ஆபீசில் ஒரு பேனாகூடக் கடன் கேட்டதில்லை. கொழுப்பு என்று நானே முணுமுணுத்திருக்கிறேன். எழுந்து நிற்பதற்குக்கூடப் பிறரைக் கேட்டே வளர்ந்தவளுக்குக் கேட்பது எப்படிப் புளித்துப்போயிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது.

துபாயிலிருந்து திரும்பிய அவள் அத்தை பிள்ளை தன் பழைய ஜப்பான் காரை அவளுக்குக் கொடுத்தான். அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும், வலது கால் ஒன்றே போதும். அன்றிலிருந்து அவள் ராஜாத்தி. வண்டியோடு வந்த புத்தகத்தை சஹஸ்ரநாமம் மாதிரி மனப்பாடம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பானெட்டைத் திறந்து கியர் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பாள். ரோஸ் சிரப் போலத் தெளிந்த சிவப்பாக இருந்தால் முகம் மலரும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் ஏரிகள் வறண்டன. தெருவுக்கு லாரித் தண்ணீர், வீட்டுக்கு ஆறு குடம். எங்கள் போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. "ஊரே குடிக்கத் தண்ணியில்லாமத் தவிக்கறது. நல்ல தண்ணிய வண்டிக்கு ஊத்தறது பாவம்" என்று அவள் ரேடியேட்டருக்குப் போர் தண்ணீரையே ஊற்றி வந்தாள். நல்ல மனசுதான். ரேடியேட்டருக்குப் பாவ புண்ணியம் தெரியாதே.

ஒரு காலை, அவளோடு நான் ஆபீஸ் போகையில் கோட்டூர்புரம் பாலத்தில் இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் காதைத் துளைத்தது. எப்படியோ ஓரம் கட்டினோம். ஸ்ரீலக்ஷ்மி இறங்கிக் கம்பியை உருவினாள். சிரப் ரோஸ்மில்க்காகியிருந்தது.

"தண்ணி கலந்துடுத்து" என்றாள்.

முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டிச் சிந்தாதிரிப்பேட்டைக்கு இழுத்துப் போனார்கள். மெக்கானிக் பீர் முஹம்மது ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"கறுத்துப்போயி தீஞ்ச வாடை அடிச்சா கியர் பொட்டி உள்ளாற பிளேட்டு கருகிச்சுன்னு அர்த்தம். இது அப்டி இல்ல, தண்ணி பூந்துகீது. கியர் ஆயில் குழாய் ரேடியேட்டர் உள்ளாறதான் ஓடுது. உப்பு அரிச்சி ஓட்டை போட்டுச்சு."

"பொழைக்குமா?"

"பிளேட்டு மேல ஒட்டுன லைனிங்கு ஊறிப் பேந்து வர்றதுக்குள்ள கழுவணும். ஆயிலு நான் பாத்துக்கிறேன். ரேடியேட்டர் உப்பு போவ நல்ல தண்ணி வேணும்மா, ரெண்டு குடம். இங்க எங்களுக்கே குடிக்க இல்ல. நாளைக்குள்ள கொண்டாந்துடு."

வீட்டில் குருபிரசாத் கைவிரித்துவிட்டான். "ஆறு குடம் நம்ம நாலு பேருக்கே போறலை. வண்டியை வித்துடு லக்ஷ்மி. நான் ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பங்கில் ஒரு குடம் தருகிறேன் என்றேன். "வேண்டாம், உங்காத்துல மாமனார் உடம்பு சரியில்லாம இருக்கார்" என்றாள். இப்படியே இரு என்று எரிச்சலோடு மாடியேறினேன்.

மறுநாள் லாரி வந்தது. குடங்களுக்கு நடுவே கால் இரும்புப் பட்டை கிறீச்சிட ஸ்ரீலக்ஷ்மி வந்து நின்றாள். வரிசைக்குக் காவல் எதிர்வீட்டு மீனாட்சி. ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். யாராவது கூட ஒரு சொம்பு பிடித்தால் அவள் வாய் சும்மா விடாது.

"எனக்கு ரெண்டு குடம் ஜாஸ்தி வேணும்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"எதுக்கு?"

"வண்டிக்கு."

"குடிக்க வழியில்ல, காருக்கா ஊத்தப் போறீய?" என்றாள் மீனாட்சி.

ஏதாவது பொய் சொல்லேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை. "ஆமா, காருக்குத்தான். அது ஓடலேன்னா எங்க போகணும்னாலும் நான் யாராவது ஒருத்தரைக் கேட்டுண்டு நிக்கணும். எனக்கு அது முடியலே, மாமி" என்றாள். கண் கலங்கியும் தலை குனியவில்லை.

மீனாட்சி தன் நிறைகுடத்தைத் தூக்கி, ஸ்ரீலக்ஷ்மி வரவழைத்திருந்த ஆட்டோவில் வைத்தாள். "இன்னொண்ணு யாரு தாரீய?" என்று வரிசையைப் பார்த்து அதட்டினாள். நான் முந்துவதற்குள் மூன்று குடங்கள் நீண்டன.

ரேடியேட்டரை அலசி, ஓட்டையைப் பற்றவைத்து, ஆயிலை மூன்று தடவை மாற்றினார் பீர் முஹம்மது. கம்பியில் சிவப்பு திரும்பியது. அடுத்த சனிக்கிழமை அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வீடு திரும்பினேன். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றதும் எதிரே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டா எல்லாரும் குடுக்கறாளே."