கயிற்றில் இருந்த எடை

இதைக் கட்டுக்கதை என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அன்று அந்தக் கயிற்றைத் தொட்டது என் கை. எனக்கு அது போதும்.

கனடாவில், கியூபெக் மாகாணத்தின் வடபகுதி, பிப்ரவரி மாதம். உறைந்த ஏரியின் மேல் அரை நாள் ஸ்கீயில் சறுக்கி, நானும் ரெமியும் அந்த அருவிக்குப் போனோம். அடி முதல் உச்சி வரை நீலப் பனிக்கட்டி. ஏறி முடிப்பதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது.

"காலையில ரெண்டாவது காப்பி கேட்டது யாரு?" என்றான் ரெமி.

"வாயை மூடிட்டு இறங்குடா."

உச்சியில் ஒரே ஒரு மரம். அதைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, முதலில் அவன் இறங்கினான். காற்றில் குரல் கேட்காது. கீழே போய்ச் சேர்ந்தவர் கயிற்றை மூன்று முறை இழுத்தால், அடுத்தவர் இறங்கலாம் என்று அர்த்தம்.

மாலை 5.10. மூன்று இழுப்பு வந்தது. கயிறு தளர்ந்தது.

அதை என் இடுப்புக் கச்சையில் மாட்டக் குனிந்தேன்.

சட்டென்று விறைத்தது. யாரோ தொங்குகிற மாதிரி.

"ரெமி, விளையாடாதே!"

எட்டிப் பார்த்தேன். அவனுடைய தலைவிளக்கு அருவியை விட்டுத் தள்ளி, எங்கள் பைகளுக்குப் பக்கத்தில் அசைந்துகொண்டிருந்தது.

அப்படியானால் கயிற்றில்...?

கையை வைத்தேன். சின்ன அதிர்வு. நின்றது... மறுபடி. இறங்குகிறவரின் கால்கள் பனியில் பதியும் அதிர்வு. எனக்கா தெரியாது?

விசித்திரம் என்னவென்றால், பயத்தைவிடப் பொறுமையின்மைதான் என்னை அரித்தது. கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. எடை இருக்கும்வரை கயிற்றை மாட்ட முடியாது. இரவு மேலேயே நின்றால் விடியலைப் பார்க்க மாட்டேன். சீக்கிரம் இறங்கித் தொலையேன் என்று, யாரென்றே தெரியாத ஒருவரை மனசுக்குள் விரட்டினேன்.

டக்... டக்...

நின்றது.

கயிறு தளர்ந்தது.

மூன்று இழுப்பு.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. என்னைப் பார்த்ததும் ரெமி பின்வாங்கினான்.

"நீ... மறுபடி எப்படி மேலே போனே?"

"நான் இப்பத்தானே இறங்குறேன்."

"இல்லை. முன்னாடியே இறங்கினே. என்னைத் தாண்டி ஏரிப் பக்கம் நடந்தே. கூப்பிட்டேன், திரும்பலை. ஏதோ கோபம்னு விட்டுட்டேன்."

ஏரிப் பக்கம் விளக்கைத் திருப்பினான்.

பனியில் ஒரு காலடிச் சுவடுகூட இல்லை.

கயிற்றை உருவி எடுக்கக்கூட நாங்கள் நிற்கவில்லை.

மே மாதம், பனி உருகியபின், போலீஸிலிருந்து அழைத்தார்கள். மரத்தில் தொங்கும் கயிறு உங்களுடையதா என்று கேட்டார்கள். அந்த மரத்தடியில், நாங்கள் நின்ற பனிக்கு அடியில், உட்கார்ந்த நிலையில் ஒரு பெண்ணின் உடல் இருந்ததாம். பெயர் கோரின். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில், யாரிடமும் இடம் சொல்லாமல் தனியாக ஏறப் போனவள். கச்சை, பனிக்கோடரிகள் எல்லாம் அவளிடமே இருந்தன. அவளுடைய கயிறு மட்டும் அருவியின் அடியில் கிடந்தது. மரத்தில் மாட்டுவதற்குள் கை நழுவியிருக்க வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த உச்சிக்கு முதலில் கயிறு கொண்டுபோனவர்கள் நாங்கள்தான்.