சட்டவிரோதம், ஆனால் தண்டனை இல்லை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் அக்காவுக்கு மூன்றாவது பிள்ளை வேண்டாம். முதியோர் இல்லத்தில் ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கிச் சில மாதங்கள்தான். விசாவும் இழுபறியில் கிடந்தது. கருவைக் கலைக்கச் சட்டம் விட்டிருக்கும் பன்னிரண்டு வாரங்கள் முடியப்போகின்றன. அதற்குமுன் ஆலோசனை நிலையத்தில் நேரம் குறித்து ஒரு டெர்மின், பிறகு மூன்று நாள் கட்டாயக் காத்திருப்பு. நான் இங்கேயே பிறந்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆலோசகர் நல்ல பெண்மணி, தேநீரெல்லாம் ஊற்றித் தந்தார். அக்காவின் முதல் கேள்வியிலேயே எல்லாம் குழம்பியது.

"இது இங்க செய்யலாமோ எண்டு கேளும் பிள்ளை."

"ரெஹ்ட்ஸ்விட்ரிஹ், ஆனால் தண்டனை இல்லை" என்றார் ஆலோசகர்.

இதென்ன பதில்? எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "சட்டவிரோதம் அக்கா, ஆனா தண்டனை இல்லை."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சட்டவிரோதமெண்டால் என்ர விசா? நான் போறன்."

இந்த நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவரைத் துரத்தும் சொல் அது. நான் கதவடிக்கு ஓடினேன்.

"விசாவுக்கு ஒண்டும் ஆகாது அக்கா. இப்ப போனியளெண்டால் பிறகு செய்யவே ஏலாது, இருங்கோ."

யாருக்கும் தெரியவராது என்று ஆலோசகரும் உறுதி சொன்னார். அக்கா உட்கார்ந்தார், கோட்டைக் கழற்றவில்லை.

"தண்டனை இல்லையெண்டால் ஏன் மூண்டு நாள் மறியல்?"

மறியலைச் சிறை என்றே ஜெர்மனில் சொன்னேன். ஆலோசகர் ஆலோசனைச் சான்றிதழில் அன்றைய தேதியை எழுதி முத்திரை குத்தினார்.

அந்த மூன்று நாட்களும் மேலே அவர் நடக்கும் சத்தம் ஓயவில்லை. கீழே எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் வோட்டுப் போடுகிறவள் நான், எனக்கே வெட்கமாக இருந்தது. கிட்ட இருந்த ஆஸ்பத்திரி தேவாலயத்துடையது, அங்கே செய்யமாட்டார்கள். கடைசியில் வேறு நகரத்துக்கு ரயிலேறிப் போய்த்தான் முடித்தோம்.

திரும்பும்போது அக்கா வயிற்றில் கையை வைத்தபடி ஜன்னலோரம் இருந்தார்.

"உண்மையைச் சொல்லும் பிள்ளை. நான் செய்தது சட்டவிரோதமோ?"

"இல்லை அக்கா" என்றேன். ஜெர்மனில் கேட்டிருந்தால், ரெஹ்ட்ஸ்விட்ரிஹ் என்கிற சட்டம் அப்படிச் சொல்ல எனக்கு இடம் தந்திருக்காது.